இடது கண்ணும் எட்டுக் காபியும்

ஜூன் 5, வியாழன்

காலையில் பஸ் ஏறும்போதே இடது கண் துடிக்க ஆரம்பித்தது. கீழ் இமை. பொம்பளைக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். அசோக் நகரிலிருந்து தி.நகர் வரைக்கும் அது துடித்துக்கொண்டே வந்தது, நான் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

என்ன நல்லது வரும்? வேறென்ன, மூன்றாவது மாடிதான். ஒன்பது வருஷம் கீழ்த்தளத்தில் நைட்டி விற்றவள் நான். இப்போதுதான் முகூர்த்தப் பட்டு மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் வெள்ளோட்டமாக. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் யார் மேலே, யார் கீழே என்று மேனேஜர் சொல்வார். கல்யாணப் பெண்ணின் தோளில் கூறைப்புடவையைப் போட்டு, கண்ணாடியில் அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்ட பிறகு, மறுபடி நைட்டியா? முருகா, வேண்டாம்ப்பா.

நாலு கல்யாணப் பார்ட்டி. எட்டுக் காபி.

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் துடிப்பு. ஒன்பது காபி. நானாகக் கேட்டுக் குடிப்பதில்லை! புடவை எடுக்க உட்கார்ந்தவர்களுக்குக் கடை காபி கொடுக்கும். உடனே பெண்ணின் அம்மாவோ அத்தையோ, "நீங்களும் எடுத்துக்கோங்கம்மா" என்பார்கள். எங்கள் மாடியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விரித்த பட்டுக்கு முன்னால் விற்பவள் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வரக் கூடாது. வந்தால் பார்ட்டியும் அதையே சொல்லிவிட்டு எழுந்துவிடுமாம். அதனால் குடிக்கிறேன். பக்கிரி அண்ணன் கேன்டீனில் போடும் டிகாஷன் தார் மாதிரி இருக்கும்.

ஜவஹருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. ராக்கிலிருந்து புடவை எடுத்துக் கொடுப்பவன் அவன். பார்ட்டி இன்னும் கொஞ்சம் விலை தாங்கும் என்று தோன்றினால் நான் இடது கண்ணைச் சிமிட்டுவேன், உடனே மேல் ராக்கிலிருக்கும் விலை கூடிய புடவைகளை அவன் இறக்குவான். வாடிக்கையாளர் முன்னால் விலையை வாய்விட்டுச் சொல்ல முடியாதே, அதற்காக. இப்போது நான் சும்மா இருக்கும்போதே இறக்கிவிடுகிறான். விற்கவும் செய்கிறது! எல்லாம் கண் துடித்த நேரம்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு. இரண்டே காபி. துணி துவைத்தேன். மத்தியானம் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண் மட்டும் சமர்த்தாக இருந்தது. வரவேண்டிய நல்லது வந்துவிட்டுப் போய்விட்டதா, எனக்குத்தான் தெரியவில்லையா?

ஜூன் 14, சனி

பத்து. கண்ணோடு இப்போது வலது கட்டைவிரலும் சேர்ந்துகொண்டது. ஒரு பெண்ணுக்குக் கொசுவம் வைத்துக் காட்டும்போது விரல் தானாக வெட்டி இழுத்து, மடிப்பெல்லாம் சரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கெண்டைக்கால் தோலுக்கடியில் புழு நெளிவது போல் ஓடுகிறது. தூக்கமும் சரியில்லை. கட்டைவிரல் துடித்தால் என்ன பலன்? யாரிடம் கேட்பது?

ஜூன் 21, சனி

எழுதவே கை வரவில்லை.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா வசந்தி, மீன் விற்பவள். மகள் காவேரிக்கு ஆவணியில் கல்யாணம், வடபழனி கோயிலில். உட்கார்ந்ததுமே வசந்தி, "இன்னாக்கா, எங்களால ஆவறது இவ்ளோதான். அதுக்குள்ள நல்லதா காட்டு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் சொன்ன விலைக்கே காட்டிக்கொண்டிருந்தேன்.

பாழாய்ப்போன கண் துடித்தது. ஜவஹர் மேல் ராக்கை இறக்கினான். "இது இல்லப்பா" என்றேன். மறுபடி துடித்தது, இன்னொரு கட்டு வந்தது. அந்தக் கட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை. காவேரி அதைத் தொட்டாள். விலைச்சீட்டைப் பார்த்ததும் சுட்டது போல் கையை எடுத்துக்கொண்டாள். வசந்தி என் முகத்தையே பார்த்தாள். கண் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, எங்களப் பாத்து அவன்கிட்ட கண்ணடிச்சிக்கினு கீற? மீனு விக்கிறவங்கன்னா அவ்ளோ எளக்காரமா?"

ஐயோ, இல்லம்மா, நான் அப்படிப்பட்டவ இல்ல. எப்படிச் சொல்றது? என் கண்ணு எம் பேச்சைக் கேக்கலன்னா யாரு நம்புவா? மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் மேனேஜரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டும் போனாள்.

மேனேஜர் சொன்னது ஒரே வரி. "புஷ்பம், இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா கீழ நைட்டிக்குப் போயிடுங்க."

போறது போகட்டும். ஆனா அந்தப் பொண்ணு கையை எடுத்தாளே.

ஜூன் 24, செவ்வாய்

லீவு. மகள் கீர்த்தியிடம் எல்லாம் சொல்லி அழுதேன். "சகுனம் பொய்யாப் போச்சுடி" என்றேன். "டைரியக் குடும்மா" என்றாள். பெற்ற மகள்தானே என்று கொடுத்தேன். பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியார் மாதிரி பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எட்டுக் காபி, கண்ணு. பத்துக் காபி, கண்ணு, விரலு, காலு. செவ்வாக்கெழமை லீவு, ரெண்டு காபி, ஒண்ணுமில்ல. அது என்னம்மா, சகுனமும் செவ்வாக்கெழமை லீவு போடுமா?"

டைரியை வாங்கி நானே ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

வேலைக்குப் போகும் முன் கீர்த்தியோடு போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். எத்தனை காபி என்று கேட்டார். பத்து என்றேன். "வாரத்துக்கா?" என்றார். கீர்த்தி சிரித்துத் தொலைத்தாள்.

"காபி அளவுக்கு மீறினா நரம்பு சும்மா இருக்காது, தசையைத் தூண்டிக்கிட்டே இருக்கும். தூக்கம் கெட்டா இன்னும் ஜாஸ்தி ஆகும். பயப்படாதீங்க. ஒரேயடியா நிறுத்தினா தலைவலி வரும், கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. தண்ணி குடிங்க. அப்பவும் நிக்கலைன்னா திரும்ப வாங்க."

அப்படியானால் செவ்வாய்க்கிழமைத் தலைவலியும் அதுதான்! இருபது நாளாக டிகாஷனை நல்ல சேதி என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன்.

கடைக்குப் போனதும் ஜவஹரிடம் சொன்னேன். "இனிமே என் கண்ண நம்பாத. மூக்குத்தியத் தொட்டா மட்டும் எறக்கு." "சாமி சத்தியமா நம்ப மாட்டேன்க்கா" என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்து. 'வேண்டாம்' சொல்லவும் முடியாது, குடிக்கவும் முடியாது. பக்கிரி அண்ணனிடம் வழி கேட்டேன். "இதுக்கா இவ்ளோ யோசன? உனக்கு மட்டும் சுக்குக் காபி ஊத்தறேன். கருப்பட்டி, சுக்கு, மல்லி. காபித்தூள் ஒரு சிட்டிகை கெடையாது. டம்ளர் அதே டம்ளர், எவனுக்குத் தெரியும்?" என்றார். மகராசன்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு. விரல் நின்றுவிட்டது. கண் எப்போதாவது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு வாரமாக எதுவும் துடிக்கவில்லை. தூங்குகிறேன். அந்த மயில்கழுத்துப் புடவை இன்னும் விற்கவில்லை, தினமும் ஒரு பார்வை பார்க்கிறேன். வசந்தி அம்மா முகம் மனசை விட்டுப் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. அதில் அவர்கள்! வசந்தி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த மேடைக்குப் போனாள். அங்கே இடமில்லை. வேறு வழியில்லாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.  அவள் விலைக்குள்ளேயே காட்டினேன்.

ஒரு அரக்குப் புடவையைக் காவேரி தோளில் வைத்துக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண் மேல் ராக்கிலேயே இருந்தது. அந்த மயில்கழுத்துக்குத் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியாயிற்று, இப்போது இவர்களுக்கு எட்டும். வாயால் சொன்னால், மறுபடி விலை கூடியதைத் தலையில் கட்டுகிறாள் என்று வசந்தி உடனே எழுந்துவிடுவாள். மூக்குத்தியைத் தொடலாம் என்றால் இரண்டு கையிலும் கொசுவம். என்ன செய்ய? ஜவஹரைப் பார்த்து இடது கண்ணைச் சிமிட்டினேன்.

அவன் அசையவில்லை. இன்னும் அழுத்திச் சிமிட்டினேன்.

"அக்கா, மறுபடி ஆரம்பிச்சிடுச்சா? காபி குடிச்சியா?" என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

மானம் போயிற்று. வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? பத்துக் காபி, துடித்த இமை, மேல் ராக், டாக்டர், சுக்குத் தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்களைக் கேலி பண்ணலம்மா, அம்மன் சத்தியமா. அன்னைலேருந்து எனக்குச் சோறு எறங்கல" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

 வசந்தி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அடிப்பாவி! காபிக்கா நான் உன்ன அந்தத் திட்டு திட்டினேன்? சரி, இப்போ எதுக்குக் கண்ணடிச்ச?"

"அந்த மயில்கழுத்துக்கு" என்றேன்.

காவேரி எழுந்தே நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியற்காலை வடபழனி. 'நீ வந்துதான் கட்டிவுடணும்' என்று வசந்தி பத்து நாளாக போன் மேல் போன். கடையில் அனுமதி கேட்டபோது மேனேஜர், "போயிட்டு வாங்க. திரும்பி வந்ததும் நேரா மூணாவது மாடிக்கே வந்துடுங்க, இனிமே அதான் உங்க இடம்" என்றார்.

காவேரிக்கு மயில்கழுத்தைக் கட்டிவிட்டேன். ஏழு மடிப்பு, ஒன்றுகூடச் சரியவில்லை. வசந்தி ஆவி பறக்க ஒரு டம்ளரை நீட்டினாள். "நீயும் குடிக்கா." மூக்கைத் துளைத்தது, அசல் டிகாஷன். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, இன்றைய கணக்கு அப்படியே இருக்கிறது. வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

தாலி ஏறும்போது காவேரி கூட்டத்தில் என்னைத் தேடினாள். பார்த்ததும் இடது கண்ணைச் சிமிட்டினாள்.