கனம் கூடிய கன்னாஸ்

அய்யா துணை

பேச்சிப்பாறை,
3ஆம் தேதி, செவ்வாய்.

அன்பு மகள் நந்தனாவுக்கு அம்மா எழுதுவது. அய்யா அருளால் நான் சுகம். விடுதியில் உனக்கு ஃபோன் கிடையாது என்பதால்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்ந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையிலிருந்து நீ கூப்பிட்டபோது, அப்பா வடசேரி சந்தைக்குப் போயிருக்கிறார் என்றேன். அது பொய். என் பக்கத்தில் கட்டிலில்தான் கிடந்தார். சொல்லாதே என்று என் கையைத் தடவித் தேடிப் பிடித்து அமுக்கினார். அவருடைய இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறது.

ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் தீர்ந்துபோய், போன வெள்ளிக்கிழமை நான்தான் கடைக்குப் போனேன். அது வரவில்லையாம். "இதும் பால் உறையுத ஆசிட்தான் அக்கா, கொஞ்சம் விட்டாப் போதும்" என்று கடைக்காரர் வேறொன்றை அதே மாதிரி பிளாஸ்டிக் கேனில், நம்ம கன்னாஸில் தந்தார். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் வைத்தேன். ஐந்து லிட்டர் கன்னாஸ் எப்போதும் ஆறு கிலோ சொச்சம் நிற்கும். இது ஒன்பதைத் தாண்டியது. தாராளமாக ஊற்றித் தந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன், மக்கா. லீவுக்கு வந்தபோது நீ தேனையும் தேங்காயெண்ணெயையும் ஒரே குப்பியில் அளந்து நிறுத்துக் காட்டினாய். அளவு ஒன்றாக இருந்து எடை வேறானால் பொருளே வேறு என்றாய். தராசு முன்னால் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

இங்கே எல்லோரும் செய்கிறபடி அப்பா கப்பில் முதலில் ஆசிட்டை ஊற்றி, அதன்மேல் தண்ணீரை விட்டார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆனதில்லை. அன்று அது கொதித்து முகத்தில் தெறித்தது. சத்தம் கேட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு செசிலி, "ஏட்டி, வெள்ளம் விடாத, எண்ணெய விடு" என்றாள். கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும்தான் என்று நீ சத்தம்போட்டுப் படித்தது என் காதில் கிடந்தது. பைப்பைத் திறந்து அவர் தலையைப் பிடித்து வைத்தேன். திமிறினார். நான் விடவில்லை. கழுவியது நல்லது என்று டாக்டர் சொன்னார். ஆனால் பதினைந்தாம் தேதி கட்டை அவிழ்த்த பிறகுதான் எதையும் சொல்ல முடியுமாம். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா கிண்டலை விடவில்லை. "உனக்க மூஞ்சியப் பாக்காம ரெண்டு வாரம் ரெஸ்டு" என்கிறார். நான் சிரிப்பது அவருக்குத் தெரிய வேண்டுமே என்று சத்தமாகச் சிரிக்கிறேன்.

மிச்ச ஆசிட் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் இருக்கிறது. "பாலு வீணாப் போவுது, அதத் தாங்க, நான் பாத்து ஊத்திக்கிடுதேன்" என்று பால் வெட்டுகிற யேசுரத்தினம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். புகைப்புரையைப் பூட்டிச் சாவியை என்னோடு வைத்திருக்கிறேன். பெருக்கப் போகும்போதுகூட அந்தக் கதவை விட்டு விலகித்தான் நடக்கிறேன். அதை என்ன செய்வதென்று உங்கள் டீச்சரிடம் கேட்டு எழுது. அய்யாவைக் கும்பிட மத்தியானம் தாங்கலுக்கு உச்சிப்படிப்புக்குப் போனேன். அங்கே சிலைக்குப் பதிலாக இருக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் என் கண்தான் எனக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நாமம் இட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உங்களுக்கும் லேபில் ஆசிட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், துளித்துளியாக. யார் சிரித்தாலும் லேபில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதே.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது மக்கா. பதினைந்தாம் தேதிக்கு முன் வந்து சேரட்டும். பெரிய எழுத்தாக எழுது. நான் அதை வாசித்துக் காட்டப்போவதில்லை. கட்டை அவிழ்த்ததும் அவர் கையில் கொடுப்பேன். அய்யா உனக்கும் அவருக்கும் பொறுமையும் வெளிச்சமும் தரட்டும்.

உன் அம்மா