கேளையாட்டின் கோரைப்பல்

என் அன்பையும், அதைவிட அதிகமாக என் பொறாமையையும் வாங்கிக்கொண்டு போன செலின் அக்காவுக்கு,

செண்பகனூரில் மூன்று நாளாக மழை. நீ வேலைக்கு நடந்தே போய்வந்த பள்ளிக்கூடத்துக்கு நான் இப்போது டவுன் பஸ்ஸில் போகிறேன். பாடம் பண்ணிய மிருகங்கள் இருக்கிற அந்த அறை அப்படியேதான் இருக்கிறது. அவற்றுக்குப் பெயரும் விவரமும் அட்டையில் எழுதி வைப்பது இன்னமும் நான்தான்.

முதலில் அது உன் வேலை. கண்ணாடி அலமாரிகளைத் துடைப்பதுதான் அப்போது என் வேலை. ஒரே வீட்டில் ஒரே குழம்பு சாப்பிட்டு வளர்ந்தோம், உனக்கு மட்டும் அந்த முத்து முத்தான இங்கிலீஷ் கையெழுத்து எங்கிருந்து வந்தது? பள்ளியை நடத்துகிற கன்னியாஸ்திரி மதர் அதை விருந்தாளிகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

'ஃபேங்ட்' என்ற இங்கிலீஷ் சொல்லை நீ படித்த வாரம் நினைவிருக்கிறதா? நீண்டு கூரான கோரைப்பல் உள்ள பிராணிக்குத்தான் அது பொருந்தும் என்று வீட்டில் பாடம் நடத்தினாய். சிறுத்தைக்கு எழுதலாம், செந்நாய்க்கு எழுதலாம், விஷப்பல் உள்ள நாகத்துக்கும் எழுதலாம். முள்ளம்பன்றிக்குக் கூடாது, அது கொறிக்கிற பல். அம்மா சோறு போடுவதை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடை சீசனில் கேளையாட்டுக்கும் அதே சொல்லை எழுதினாய். இலை தின்கிற மானுக்குப் போய்க் கோரைப்பல்லா? ஒருவழியாக நீ மாட்டினாய் என்று நினைத்து, விருந்தாளிகள் நிற்கும்போதே அது தப்பு என்று மதரிடம் சொன்னேன்.

"கெடாக் கேளைக்கு உண்டுங்க மதர். பாச்சலூர்ல எங்க சித்தப்பாவோட நாயக் கிழிச்சிருக்கு. பாடம் பண்ணுனவங்க ஒதட்ட எறக்கித் தச்சுட்டாங்க" என்றாய். என் பக்கம் திரும்பி, "அலமாரிச் சாவியக் குடுடி, வெரசா. ஒதட்டத் தூக்கிக் காட்டிர்றேன்."

"சாவியக் காணலக்கா. நேத்திருந்து தேடுறேன்."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மதர் அட்டையைக் கிழித்தார். மறுவாரம் பேனா என் கைக்கு வந்தது, உன்னை விடுதி அடுப்படிக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் சாவியைப் பற்றி நீ என்னிடம் கேட்கவே இல்லை. என் முகத்திலேயே தெரிந்துவிட்டதா?

சில மாதம் கழித்து அந்தக் கேளையின் உதட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குத்தியது. அப்போது நீ உயிரோடு இருந்தாய், அடுப்புப் புகையில் இருமிக்கொண்டு. இரண்டு வருஷம் உன் பக்கத்திலேயே படுத்தேன், சொல்லவில்லை. பிறகு சொல்ல நீ இல்லை.

இன்று காலை தையலைப் பிரித்தேன். இரண்டு பல்லும் நன்றாகத் தெரிகின்றன. உன் சொல்லை மறுபடி எழுதி வைத்தேன், கோணலாகத்தான் வந்தது. செத்த பிறகும் நீ சரியாகவே இருக்கிறாய். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை அக்கா.

திங்கட்கிழமை மதரிடம் சாவியை நீட்டி, அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். அட்டையின் அடியில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், அதை மட்டும் எடுக்க விடமாட்டேன்.

சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடிய உன் தங்கை,
லில்லி