கஞ்சிக் கரண்டியும் தத்தாராமின் பாலும்

ஹுதாவின் வாப்பாவுக்கு,

நேற்று அயோடின் டிங்சர் விட்டதும் பால் நீலமானது. மாவு கலக்கிறார் என்று பால்காரர் தத்தாராமை விரட்டினீர்கள். அவருக்குப் பரிந்து பேசிய என்னோடும் பேச்சில்லை.

நீங்கள் பாலை அள்ளியது நான் நோன்புக் கஞ்சி கிண்டிய கரண்டியில். அதில் ஒட்டியிருந்த கஞ்சியின் மாவுதான் நீலமாகியிருக்கிறது. இன்று அவரிடமே பால் வாங்கி, கழுவிய கரண்டியால் எடுத்துச் சோதித்தேன். நீலம் வரவேயில்லை.

நான் கட்கியில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போகிறேன். நோன்பு திறக்கக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. அந்தப் பாலில் ஆடை தடியாகப் படிந்தது, உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் தத்தாராமை வரச் சொல்லியிருக்கிறேன். உட்கார வைத்து அவருக்கும் கஞ்சி கொடுங்கள். மராத்தியில் மன்னிப்புக் கேட்க நம் மகள் ஹுதா சொல்லித் தருவாள்.

சைனபு

பி.கு.: என்னிடம் தமிழிலேயே கேட்கலாம்.