மூலைக்கு மூலை சேருமா, எஸ்தர்?

சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போன என் எஸ்தருக்கு,

மூலைக்கு மூலை சேருமா, சேராதா? முதலில் இதற்குப் பதில் சொல். மற்றதெல்லாம் பிறகு.

காலையில் செல்வம் வந்திருந்தான். நம் நிலத்தை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன், அவசரப்படுத்துகிற ஆள் இல்லை. ஆனால் இன்றைக்கு, "டிராக்டர் நாளைக்கு விட்டா கிடைக்காது சார். விதைக்கிறதா, நாத்து விடுறதா? சாயங்காலம் வர்றேன், சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆற்றில் தண்ணீர் விட்டாச்சு என்கிறார்கள். குத்தாலம் தாண்டி நம் வாய்க்காலுக்கு அது எப்போது வருமோ தெரியவில்லை. புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழையை நம்புவதா, நாற்று விட்டு, தண்ணீருக்குக் காத்திருந்து, ஆள் வைத்து நடுவதா? ஒவ்வொரு சம்பாவுக்கும் இந்த இடத்தில்தான் நீ பிஸ்கட் டின்னைத் திறந்து சீட்டுக்கட்டை வெளியே எடுப்பாய். ஆட்டம் சேர்ந்தால் விதைப்பு, சேராவிட்டால் நடவு. நீ கண்மூடிய பிறகு வருகிற முதல் சம்பா இது. டின் இருக்கிறது, கட்டு இருக்கிறது, ஆடத் தெரிந்த ஆள்தான் இல்லை.

சரி, பார்த்ததுதானே என்று நானே உட்கார்ந்தேன். கட்டைக் கலைத்து, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை பரப்பினேன். மிச்சம் கையில். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு ஒட்டி ஒட்டி இருந்தால் ஜோடியாக எடுத்துவிட வேண்டும், ராணியோடு ராணி, எட்டோடு எட்டு. ஆட்டினா இஸ்பேடா என்று சீட்டின் இனம் பற்றிக் கவலையில்லை. பக்கத்தில் இருந்தாலும் எடுக்கலாம், மேலும் கீழுமாக இருந்தாலும் எடுக்கலாம். எடுத்த பிறகு மிச்சச் சீட்டுகளை வரிசை மாறாமல் நகர்த்தி இடைவெளியை மூடி, கடைசியில் காலியாகும் இடங்களைக் கையில் உள்ளதை வைத்து நிரப்ப வேண்டும். மேசையில் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் சேர்ந்தது என்று அர்த்தம். இவ்வளவுதானே?

இவ்வளவுதான் இல்லை. எந்தப் பக்கமாக நகர்த்துவாய்? எனக்கு ஞாபகம் இருப்பது வலது பக்கம். வலது பக்கமாகத் தள்ளித் தள்ளி வரிசையெல்லாம் குழம்பி, எது முதல் எது கடைசி என்றே தெரியாமல் கலைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, நான் எப்போதும் உனக்கு எதிர் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தேன்! என் வலது உன் இடது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இது புரிய அரை நாள் ஆயிற்று. சிரிக்காதே.

அடுத்த தலைவலிதான் இந்த மூலை. ஒரு சீட்டின் மூலையும் இன்னொன்றின் மூலையும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஜோடியா? ஒரு வருஷம் நான் காட்டியபோது, "மூலைக்கு மூலையெல்லாம் சேராதுங்க" என்று என் கையைத் தட்டிவிட்டாய். அடுத்த வருஷம் நீயே கூசாமல் எடுத்தாய். கேட்டதற்கு, "இது அப்படித்தாங்க" என்றாய். அது என்ன விதி?

பொறுக்க முடியாமல் நம் மெர்சிக்கு வீடியோ காலில் பேசினேன். அந்த நேரம் ஷார்ஜாவில் அவளுக்கு அடுப்படி வேலை. மகள் அல்லவா, உன்னிடம்தானே ஆடக் கற்றாள். கேட்டதும் கரண்டியோடு நின்று சிரிக்கிறாள்.

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? சீட்டைப் போட்டுட்டு அம்மா உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. நீங்க மனசுல எதை வச்சிருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தான், மூலை சேரும் சேராதுன்னு முடிவு பண்ணுவாங்க."

"அப்ப சீட்டு சொல்லலையா?"

"சீட்டு என்னத்தப்பா சொல்லும்?"

எனக்குத் தலை சுற்றுகிறது எஸ்தர். இத்தனை வருஷமும் நீ முடிவெடுக்கிறாய் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நானா எடுத்துக்கொண்டிருந்தேன்? விதைத்த வயலில் மழைத் தண்ணீர் தேங்கி முளையெல்லாம் அழுகிய வருஷம், "சீட்டு சொன்னதைத்தானே செஞ்சோம், உங்க மேல என்ன தப்பு? சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாயே. அந்த வார்த்தையில்தானே நான் எழுந்து வந்து சாப்பிட்டேன். அதற்காகத்தான் இந்தச் சீட்டா? தவக்காலமான லெந்து நாளில் கட்டைத் தொடமாட்டாய், போதகர் ஐயா வந்தால் மேசைவிரிப்புக்குள் ஒளிப்பாய். இவ்வளவு பயந்து பயந்து ஆடியது எனக்காகவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மறுபடியும் பரப்பினேன். இந்த முறை ஒழுங்காகவே போயிற்று. எட்டுச் சீட்டு மிச்சம். அதில் இரண்டு ஏழு, மூலைக்கு மூலை. எடுத்தால் ஆட்டம் மேலே போகும், விட்டால் அங்கேயே நின்றுவிடும். என் மூஞ்சியைப் பார்க்க எதிர் நாற்காலியில் ஆள் இல்லை. எழுந்து போய் வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்தேன். சவரம் செய்யாத ஒரு கிழவன் நிற்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுகைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செல்வம். "என்ன சார் முடிவு பண்ணீங்க?"

"நாத்தே விட்டுடுவோம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்கே தெரியவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "காலையிலேயே தெரியும் சார். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்துச்சே. விதைச்சா டிராக்டர் வந்துட்டுப் போயிடும், அதோட சரி. நடவுன்னாத்தானே நாலு பொம்பளைங்க வருவாங்க, வாசல்ல உக்காந்து டீ குடிப்பாங்க, வீட்டுல பேச்சு சத்தம் கேக்கும்."

நான் உள்ளே வந்துவிட்டேன். அந்த இரண்டு ஏழையும் எடுக்கவில்லை, மேசையில் அப்படியே கிடக்கின்றன. ஆட்டம் சேரவில்லை, அதனால் நடவு. சரிதானே? தண்ணீர் வராமல் நாற்று கருகினால் என்ன செய்வேன், தெரியவில்லை. சீட்டு சொன்னதைத்தானே செய்தோம் என்று சொல்லிக்கொண்டு, எழுந்து போய் ஒரு வாய் சாப்பிடுகிறேன். நடவன்று வருகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப்போட்டு நானே டீ போட்டுக் கொடுக்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் மெர்சியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்