அழைக்காமல் போன விருந்து

அன்பு மகள் துன்யாவுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். நார்வேப் பனியில் நீ காது மூடிப் போகிறாயா? அப்பாவை இன்னும் விடவில்லை. ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாய் உட்கார்ந்து உன்னைத்தான் விசாரித்தார். ஹோட்டல் கட்டட வேலையை அவசரமாக முடிக்க சாரத்தின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னது முதலாளி வுகோத்தா. கூலியாள் விழுந்து செத்ததும் பழி மேஸ்திரியான உன் அப்பா தலையில். நீதிபதி நம் சாட்சிகளைக் கேட்கவே இல்லை, ரிமாண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போனார். நம் வக்கீல் ப்லாஜோ, "அக்கா, நீங்க செர்பியாவுல இருந்து பொழைக்க வந்தவங்க, அவங்க உள்ளூர். பேசாம குத்தத்தை ஒத்துக்கச் சொல்லுங்க" என்கிறான். நீ யாருக்குடா வக்கீல் என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம் செய்ததைச் சொன்னால் திட்டாதே. புனித நிக்கோலா நாள் வுகோத்தா வீட்டுப் பெருநாள். குலப் புனிதர் நாளில் யாரையும் அழைப்பதும் கிடையாது, வந்தவரை விரட்டுவதும் கிடையாது, இந்த மாண்டினீக்ரோவிலும் அதே வழக்கம்தானே. அன்றைக்காவது காலில் விழுந்து கெஞ்சலாம் என்றுதான் போனேன், சத்தியமாக வேறு எண்ணமில்லை. கதவைத் திறந்த வுகோத்தா முகம் வெளுத்து ஒதுங்கி வழிவிட்டான். நான் யாரென்று தெரியாத அவன் மனைவி, பாவம், பெருநாளில் வந்தவருக்கு முதலில் தரும் வேகவைத்த கோதுமைத் தட்டை நீட்டி, கையைப் பிடித்துக்கொண்டுபோய் மேசையின் தலைப்பக்கம் ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "இவருதான் எங்க பையனுக்கு ஞானத்தகப்பன். இந்த வீட்டுல இவருக்கு மிஞ்சி யாருமில்லக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் நம் நீதிபதி! அடப்பாவி, கூடப்பிறந்தவனைவிட நெருங்கிய உறவை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருந்தாய்! "தெரியும்மா, எம் புருஷனை வெளிய விடாம வச்சிருக்கறதே இவருதான்" என்றேன். விருந்துக்கு வந்திருந்த பாதிரியார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் பரிமாறிய மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த உறவைப் பற்றிப் பாதிரியார் சாட்சி சொல்லச் சம்மதித்ததும் ப்லாஜோவுக்கும் முதுகெலும்பு வந்தது, நீதிபதியை மாற்றச் சொல்லி மனு போட்டான். நீதிபதி வழக்கிலிருந்து விலகிவிட்டார். புதிதாக வந்திருக்கும் நீதிபதி அம்மாள் ஜனவரியில் நம் சாட்சிகளைக் கேட்பாராம். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு என்று யார் யாரோ போன் செய்கிறார்கள். தெருமுனையில் ஒரு கார் நிற்கிறது.

இந்த வருஷம் செலவு செய்து வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஜனவரியில் புனித யோவான் நாள், நம் வீட்டுப் பெருநாள். மெழுகுவர்த்தியை அப்பாவே வந்து ஏற்றவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்று நம் கதவையும் பூட்ட முடியாது. வுகோத்தா வந்தாலும் கோதுமைத் தட்டை நான் நீட்டித்தான் ஆகவேண்டும். வந்துவிடு மகளே, தனியாகக் கதவைத் திறந்துவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா விதோசவா