நான்காம் முடிச்சில் நின்ற கட்டை

சிஸ்டர்,

இன்று காலை உங்கள் ஆத்துமாவுக்கான முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போக வெள்ளைச் சேலை தேடினேன். அலுமாரியின் அடி லாச்சியை இழுத்தபோது அந்தக் கட்டை உருண்டு வந்து என் விரலில் இடித்தது. வலையில் கட்டுகிற முருக்கங்கட்டை மிதப்பு. அதோடு ஒரு சாண் நூல், நூலில் இரண்டு முடிச்சு. கட்டை முதல் முடிச்சில் நிற்கிறது. கட்டையில் மைப்பென்சிலால் நீங்கள் எழுதிய என் பெயர் மங்கிவிட்டது, ஆனாலும் வாசிக்கலாம்.

சேலையை மறந்துவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டேன். பூசைக்குப் போவதற்கு முன் இதை எழுதாவிட்டால் பிறகு எப்போதும் எழுதமாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் நம்முடைய பள்ளிக்கூடம் இருந்தது. அரிவரியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, ஒரே ஒரு நீளக் கொட்டகை. நீங்கள் தலைமை ஆசிரியையாக வந்தபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. உங்களுக்கு என்னைவிட இரண்டே வயதுதான் கூட. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரரின் மகளாக, நெற்றியில் விபூதியோடு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, இன்னொருத்தி வந்து இரண்டாம் வகுப்பைப் பற்றிக் கேள்வி கேட்பது பொறுக்கவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான். முந்திய வருடம் இன்ஸ்பெக்டர் வந்தபோது முப்பத்துநான்கு பிள்ளைகளில் பதினொரு பேர்தான் வாசித்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் மனேச்சரான கோயில் சுவாமியார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே சொன்னது நினைவிருக்கிறதா? "அடுத்த முறையும் உப்பிடியெண்டால் சந்திப் பள்ளிக்கூடத்தோடை சேர்த்துப்போடுவினம், சிஸ்டர். பிறகு என்னைக் கேக்காதேங்கோ."

சந்திப் பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது. பெடியன்கள் போவார்கள். பெண்பிள்ளைகளைப் பனங்காட்டுக்குள்ளால் எந்தத் தகப்பனும் அனுப்பமாட்டான். இரண்டாம் வகுப்பில் மட்டும் இருபது பெண்பிள்ளைகள். அவர்கள் வாசிப்பது எங்கள் கொட்டகை நிற்கிறவரைதான்.

அடுத்த நாளே நீங்கள், வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்த ஒரு சம்மாட்டியிடம் வலைநூலும் மிதப்புக் கட்டைகளும் வாங்கி வந்தீர்கள். வகுப்பின் பின்சுவரில் நூலை இழுத்துக் கட்டி, ஐந்து முடிச்சுப் போட்டு, பிள்ளைக்கொரு கட்டையாகக் கொழுவினீர்கள். முதல் முடிச்சு எழுத்து, இரண்டாவது சொல், மூன்றாவது ஒரு வரி, நான்காவது புத்தகத்தில் ஒரு பக்கம். ஐந்தாவது, முன்பின் காணாத ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எல்லாக் கட்டையும் ஐந்தில் நிற்கவேண்டும் என்பதுதான் நாங்கள் வைத்த இலக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். கட்டையை நீங்கள்தான் நகர்த்துவீர்கள். வேறு ஒருவரும் தொடக்கூடாது, நானும்தான்.

"பிள்ளை நிக்கிற இடத்திலைதான் கட்டையும் நிக்கவேணும், டீச்சர்" என்பீர்கள். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் கட்டைகள் நகர நகர எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் எத்தனை கட்டை எங்கே நிற்கிறது என்றுதான் கணக்குப் பார்ப்பேன்.

இனி நான் சொல்ல வந்தது.

இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது ஒரு புதன்கிழமை. அதற்குப் பன்னிரண்டு நாள் முந்திய வெள்ளிக்கிழமை காலையில் பிலோமினா ஏழாம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் வீட்டுப் பசு.' யன்னலால் காற்று வந்து பக்கத்தைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. பானையும் சட்டியும் படம் போட்ட பக்கத்தைப் பார்த்தபடி பசு புல் தின்பதையும் பால் தருவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

நடுவில் ஒரு வரியைத் தொட்டு, இது என்னவென்று கேட்டேன். திரும்பவும் பசுவை முதலிலிருந்து தொடங்கினாள். மற்றவர்களையும் அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டேன். பத்தொன்பது பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகம் முழுவதும் மனப்பாடம்.

அவர்கள் களவு செய்யவில்லை, சிஸ்டர். அந்தி பட்டதும் செபப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமும் புரட்டாமல் எல்லாச் செபமும் சொல்லி முடிக்கிற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். புத்தகத்தைப் பிடிப்பதும் வாயால் சொல்வதும்தான் வாசிப்பு என்று நினைத்திருந்தார்கள். ஞானோபதேச வகுப்பில் நாங்கள் அதற்குத்தானே பரிசும் கொடுத்தோம்.

அப்போதே உங்களிடம் ஓடி வந்திருக்கவேண்டும். நான் வரவில்லை. இன்ஸ்பெக்டரும் அந்தப் புத்தகத்தைத்தானே கொடுப்பார் என்று என் குறுக்குப் புத்தி சொன்னது. பிலோமினாவைக் கிட்டக் கூப்பிட்டேன். "கண்ணைப் புத்தகத்திலை வைச்சிரு. காத்தடிச்சால் பக்கத்தைக் கையாலை பிடிச்சுக்கொள்" என்றேன்.

அன்று பின்னேரம் நீங்கள் கேட்டபோது அவள் பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் தண்ணிபோல் சொன்னாள். அவளுடைய கட்டையை நான்காம் முடிச்சுக்குத் தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த ஒரு கிழமையும் எனக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. ஐந்தாம் முடிச்சுக்கு எப்போது கேட்பீர்களோ என்று பயந்து பயந்து இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

"பிலோமினா, இதை வாசியம்மா."

அவள் அதை வாங்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணை அதில் வைத்தாள். "எங்கள் வீட்டுப் பசு" என்று தொடங்கினாள்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் அவளை முடிக்க விட்டீர்கள். பால், தயிர், நெய் எல்லாம் வந்து முடிந்த பிறகு கேட்டீர்கள்.

"ஆர் பிள்ளை உப்பிடி வாசிக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, சிஸ்டர். டீச்சர் கண்ணைப் புத்தகத்திலை வைச்சிருக்கச் சொன்னவ. காத்தடிச்சால் கையாலை பிடிக்கச் சொன்னவ."

நீங்கள் பத்திரிகைத் துண்டை நான்காக மடித்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளையும் கேட்டு முடித்துவிட்டு, பின்சுவருக்குப் போய்ப் பத்தொன்பது கட்டைகளை ஒவ்வொன்றாக இரண்டாம் முடிச்சுக்கு இழுத்தீர்கள். கட்டை நூலில் உரசுகிற சத்தத்தைத் தவிர வகுப்பில் வேறு சத்தம் இல்லை.

பிள்ளைகள் போன பிறகு நான்தான் பாய்ந்தேன். குற்றவாளிக்குத்தானே கோபம் முந்தி வரும்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வாறார். உதைப் பாத்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லுவார். உங்களுக்கென்ன, நீங்கள் இன்னொரு கொன்வென்ற்றுக்குப் போவியள்."

"ஓம், போவன்" என்றீர்கள். "பிலோமினா எங்கை போவாள்?"

"அதுக்குத்தானே சொல்லுறன். கட்டையை முன்னுக்கு விடுங்கோ. புதன் முடியட்டும்."

"முடிஞ்சாப் பிறகு அவளுக்கு வாசிக்கத் தெரிஞ்சிடுமே, டீச்சர்?"

நான் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வெயிலில் காரோட்டி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. மேசையிலிருந்த வாசிப்புப் புத்தகத்தை எடுத்துப் பிலோமினாவிடம் நீட்டினார். இன்னும் ஒரு நிமிடம் நீங்கள் பேசாமல் இருந்தால் பள்ளிக்கூடம் தப்பிவிடும் என்று நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

"சேர்" என்றீர்கள். "உந்தப் புத்தகத்தைக் குடுத்தால் எல்லாரும் வாசிப்பினம். வேறை ஏதும் குடுங்கோ."

அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். தன்னுடைய பையிலிருந்து ஏதோ ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். பதினைந்து பிள்ளைகள் வாசித்தார்கள். பிலோமினா தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பசுவைச் சொல்வதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் நூலைக் காட்டிக் கேட்டார். நீங்கள் ஒன்றும் மறைக்காமல் சொன்னீர்கள்.

"அப்ப போன வருஷத்தைவிட நாலு பிள்ளையள்தான் கூட."

"ஓம், சேர். நாலுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே வகுப்பாசிரியை? பிள்ளையள் பாடமாக்கினது எப்ப தெரிஞ்சது?"

கட்டைகள் எனக்குப் பின்னால் இருந்தன. நீங்கள் எனக்கு முன்னால்.

"போன வெள்ளிக்கிழமை" என்றேன்.

நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். அவ்வளவுதான்.

அவர் கொப்பியில் நெடுநேரம் எழுதினார். போகும்போது, மூன்று மாதத்தில் திரும்ப வருவேன், சொல்லாமல் வருவேன், முடிவு அப்போது என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் வந்தபோது நூலில் முப்பத்தைந்து கட்டைகள். முதல் முடிச்சில் நின்றதில் என் பெயர். பிள்ளைகளுக்கு ஒரே புளுகம், கைதட்டிச் சிரித்தார்கள். "சிஸ்டர், டீச்சருக்கும் வாசிக்கத் தெரியாதோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"டீச்சருக்கு வேறை பாடம்" என்றீர்கள்.

வேலையை விட்டுவிடுவோமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்பீர்கள். "இந்தக் கிழமை எத்தினை பிள்ளையளைத் தனியக் கேட்டனீங்கள்?" உண்மையைச் சொல்வேன். அதன்படி கட்டையை நகர்த்துவீர்கள், சிலவேளை பின்னுக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும், கிழிந்த பத்திரிகைகளோடு அந்தப் பத்தொன்பது பேரையும் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

இன்ஸ்பெக்டர் மாரி மழைக்குள் சொல்லாமல் வந்தார். கையிலிருந்த அன்றைய பத்திரிகையையே கொடுத்தார். "பருத்... பருத்தித்துறை வீதி... வெள்ளத்தால்..." என்று பிலோமினா தட்டுத்தடுமாறி, வியர்த்து, ஒரு முழுப் பந்தியை வாசித்து முடித்தாள். முப்பத்தொரு பேர் வாசித்தார்கள். மூன்று பேருக்கு முடியவில்லை. அவர்களின் கட்டைகளும் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவர் அந்த மூன்று கட்டைகளைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்தை ஒருவரும் பூட்டவில்லை.

அரசாங்கம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களைத் தன் பொறுப்பில் எடுத்தபோது நீங்கள் மன்னாருக்குப் போனீர்கள். போகிற அன்று நூலைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு அவரவர் கட்டையைக் கொடுத்தீர்கள். எனக்கு மட்டும் நூலோடு வெட்டித் தந்தீர்கள். நான்காம் முடிச்சும் ஐந்தாம் முடிச்சும். கட்டை நான்கில்.

"ஐஞ்சுக்கு நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன், தெரியாதவள்போல.

"நீங்கள் அதைச் சொல்லுற அண்டைக்கு நகர்த்துவம்" என்றீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் நத்தாருக்கு நத்தார், பாலன் பிறப்பு வாழ்த்தோடு உங்களுக்குக் கடிதம் எழுதினேன். மழையைப் பற்றி எழுதினேன், வாழைக்குலையைப் பற்றி எழுதினேன், பிலோமினா ஆசிரியப் பயிற்சிக்குப் போனதை எழுதினேன். இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே எழுத மனம் வரவில்லை.

இன்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை அல்ல, சிஸ்டர். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, காலை. காற்று பக்கத்தைப் புரட்டியபோதே எனக்குத் தெரியும்.

பூசைக்கு நேரமாகிறது. கட்டையைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் முடிச்சு அதிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. நகர்த்தவேண்டியவர் நீங்கள். நான் அதைத் தொடவில்லை.