எது நின்றால் உங்கள் வேலை நிற்கும்?

ராத்தா,

திங்கட்கிழமை நம் மாவட்டத் திட்டமிடல் கந்தோருக்குள் நுழைந்ததும் என் மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. கொழும்பிலிருந்து திரும்பவும் அனுப்பியிருக்கிறார்கள். 'மாவட்டத் தொழில்களின் தாக்குப்பிடிக்கும் திறன்.' அதே ஆறு வரிசை: மீன்பிடி, நெல், சுற்றுலா, துறைமுக ஆலைகள், கால்நடை, வெளிநாட்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் நேரே வலுவானது, நடுத்தரம், பலவீனமானது என்று மூன்று பெட்டி. ஏதாவது ஒன்றில் சரி போடவேண்டும். நாடு ஒருமுறை விழுந்து எழும்பிய பிறகும் அதில் ஓர் எழுத்து மாறவில்லை. வந்த எரிச்சலில் கிழித்திருப்பேன். அடுத்த மேசைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனமுறை இதை எங்கள் இருவரிடமும் தந்தபோது கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்தது. நீங்கள் வயதில் எனக்கு மூன்று வருடம் மூப்பு, அதனால் எனக்கு ராத்தா; வேலையில் எனக்குப் பின்னால் வந்தவர். அதனால் யார் சொல்வதை யார் கேட்பது என்று எங்களுக்குள் கடைசிவரை முடிவாகவே இல்லை. கந்தோரில் இருந்தே நிரப்பிவிடலாம் என்றேன் நான். "பாக்காம எப்பிடித் தங்கச்சி எழுதுற?" என்று ஸ்கூட்டியை எடுத்துவிட்டீர்கள்.

போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். இறக்கக்கண்டியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டீர்கள்: "எது நிண்டா உங்கட வேலை நிக்கும், அண்ணன்?" அவர் சிரித்தார். "மண்ணெண்ணெய் நிண்டா எஞ்சின் நிக்கும். எஞ்சின் நிண்டா நான் இந்த மணல்லதான்." நிலாவெளியில் அறைகள் வாடகைக்கு விடுகிறவர், "பிளேன்" என்று ஒரே சொல்லில் முடித்தார். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த வருடம் எல்லா அறைகளும் மளமளவென்று காலியானதை அவர் மறந்திருக்கவில்லை. கிளிவெட்டி விவசாயி "யூரியா" என்றார். துறைமுக மாவு ஆலையில் வேலை செய்பவர் "கோதுமைக் கப்பல்" என்றார். திரியாயில் மேட்டு நிலத்தில் கச்சான் கடலையும் பயறும் போடுகிற ஒரு பெண் களை பிடுங்கிக்கொண்டே, "மழை" என்றார்.

"வேற?"

"வேற என்ன? எரு என்னட்டயே கிடக்கு."

படிவத்தின் ஆறு வரிசையில் எதிலும் அவர் அடங்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரு தேநீர்க்கடையில் படிவத்தைப் பின்பக்கம் திருப்பிக் கோடு கோடாகக் கீறினீர்கள். "பாருங்க. மண்ணெண்ணெய் கப்பல்ல வருது. யூரியாவும் கப்பல்ல. கோதுமையும் கப்பல்ல. கப்பலுக்கு டொலர் குடுக்கணும். அந்த டொலர் வாறது பிளேன்ல வாற ஆக்களாலயும் வெளிநாட்டில நிக்கிற எங்கட புள்ளைகளாலயும். ஆறு தொழில் எண்டு எழுதி வெச்சிருக்கம். டொலர் நிண்டா எல்லாம் சேந்து நிக்கும்."

"அப்ப அந்தத் திரியாய்ப் பெண்?"

"அவட கச்சானால நாட்டுக்கு ஒரு கப்பல் எண்ணெய் வாங்க ஏலா. ஆனா மத்தது நிண்டாலும் அவட ஊட்டில அடுப்பெரியும். உழைச்சுத் தாற தொழிலும் வேணும், தாங்கிப் புடிக்கிற தொழிலும் வேணும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "துறைமுகம், வயல், கடல் எல்லாம் உள்ள மாவட்டம் இது. ஒண்டு விழுந்தா மற்றது பிடிக்கும்" என்று வாதாடினேன். எங்கள் சத்தத்தில் கடைக்காரர் விலக்குப் பிடிக்க வந்துவிட்டார்.

நீங்கள் விடவில்லை. படிவத்தில் 'எது நின்றால் நிற்கும்?' என்று நான்காவதாக ஒரு பெட்டியைச் சேர்த்து, கேட்டதையெல்லாம் அதற்குள் எழுதினீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் விடுமுறை. அப்போதிருந்த பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் குடுங்கோ, மிஸ். இதென்ன தேவையில்லாத கதை?" நான் "ஓம் சேர்" என்றேன். அந்தப் பெட்டியை அழித்துவிட்டு, எங்கும் பலவீனம் வராமல் சரி போட்டு அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

பிறகு, அரசாங்கம் தடை போட்டதில் முதலில் உரம் நின்றது. அடுத்ததாக டொலர் நின்றது; அதோடு டீசல், மண்ணெண்ணெய், சமையல் காஸ் எல்லாம் நின்றன. கிளிவெட்டியில் பயிர் மஞ்சளித்தது. இறக்கக்கண்டியில் தோணிகள் மணலில் ஏறிக் கிடந்தன. ஒரு தொழில் விழுந்தால் மற்றது பிடிக்கும் என்று வாதாடிய நான், எதையும் எதுவும் பிடிக்காமல் எல்லாம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிண்ணியாவிலிருந்து நிரம்பி வழிந்த பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று வந்து, "அந்த அறிக்கைய எடுங்க. இண்டைக்குக் கூட்டத்தில காட்டுவம்" என்றீர்கள்.

அப்போதுதான் சொன்னேன்.

கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு இருந்தீர்கள். "எனக்கிட்டச் சொல்லியிருந்தா நான் சண்டை புடிச்சிருப்பன். தோத்திருப்பன், பரவால்ல. சண்டை புடிக்கவும் உடல்லியே நீங்க."

பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. பதினோராம் நாள் விறகடுப்பில் அவித்த பயறும் துருவிய தேங்காய்ப்பூவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "தின்னுங்க, கறியாக்கக் காஸ் இல்ல" என்றீர்கள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க நான் சேர்த்து வைத்திருந்த வசனமெல்லாம் பயறோடு சேர்ந்து உள்ளே போயிற்று. அதிலும் எனக்கு உங்கள்மேல் எரிச்சல்தான். இரண்டு வார்த்தை நன்றாக ஏசியிருக்கலாம்.

போன மாசியில் உங்களுக்கு மாரடைப்பு என்று செய்தி வந்து, நான் கிண்ணியாவுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா ஊட்டில எப்பவும் உங்களத்தான் ஏசிக்கிட்டிருப்பா" என்றாள். அங்கே நின்று அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்போது நிலாவெளி வீதி நீளத்துக்கும் அறை கட்டுகிறார்கள். இறக்கக்கண்டி அண்ணன் தோணியை விற்று, திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறார். அவரைக் குறைசொல்ல ஏலாது. மீனில் கிடைக்காதது அவருக்கு அதில் கிடைக்கிறது. என் கோபம் இந்தக் கடதாசியின்மேல்தான். புதிய பணிப்பாளர் சுற்றுலாவுக்கு நேரே 'வலுவானது' என்று தானே பென்சிலால் சரி போட்டுத் தந்திருக்கிறார்.

நான் நான்காவது பெட்டியைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

"இது கொழும்புப் படிவம், மிஸ். மாத்த ஏலாது."

"போனமுறை மாத்தாமல்தான் அனுப்பினது, சேர். அனுப்பினது நான்தான்."

"நீங்கள் எழுதியிருந்தா டொலர் வந்திருக்குமோ?"

"வந்திராது. ஆனா யாராவது வாசிச்சு, கிளிவெட்டியில பத்துப் பேராவது பயறு போட்டிருப்பினம்."

நாற்பது நிமிடம், ராத்தா. கடைசியில், பின்னிணைப்பாகப் போகட்டும் என்று கையெழுத்து வைத்தார். பென்சில் சரி மையாகிவிட்டது. பின்னிணைப்பைக் கொழும்பில் ஒருவரும் புரட்டப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்தபோது கந்தோர் முழுக்க என்னைப் பார்த்தது. சண்டைக்காரி என்ற பெயர் இனி எனக்கு.

நேற்று என் அக்காவின் மகன் வந்திருந்தான். அறை கட்டுகிறவர்களில் அவனும் ஒருவன். என் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "தொடங்க முந்தியே வாய் வைக்காதேங்கோ, சித்தி" என்று தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டான். இன்று காலை அவனே தொலைபேசி எடுத்தான். "சித்தி, பின் வளவிலயும் ரெண்டு அறை போட இருந்தனான். அதை வெறுமனே விடட்டோ? அதில என்ன நடலாம்?"

எனக்கு என்ன தெரியும்? படிவம் நிரப்பியே வயது போனவள் நான். மண்ணும் பயிரும் உங்கள் விஷயம். கேள்வியை என் வாயில் வைத்துவிட்டுப் பதிலைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள்.

"சனிக்கிழமை வாறன். முதல்ல மண்ணைப் பாப்பம்" என்று பெரிய விவசாயி மாதிரி அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.